மலைநாட்டில் முதல் நத்தாருக்குச் சமைப்பவர்களுக்கு

கல்யாணமாகி வந்தவர்கள், ஆசிரியராகவோ தாதியாகவோ மாற்றலாகி வந்தவர்கள், கொழும்பில் பல வருடம் வேலை செய்துவிட்டுத் தோட்டத்துக்கே திரும்பியவர்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் யாராவது ஒருவர் மலையகத்தில் முதல் தடவையாக நத்தாருக்கு அடுப்பு மூட்டுகிறார். அவருக்காகத்தான் இது.

கையில் நல்ல சமையல் குறிப்பு ஏற்கெனவே இருக்கும். அம்மா எழுதிக் கொடுத்த கொப்பி இருக்கும், இல்லாவிட்டால் போனில் பார்த்தது இருக்கும். ஆனால் கீழ்நாட்டில் சரியாக வருகிற குறிப்பு இங்கே இரண்டு விஷயத்தில் இடறும். ஒன்று குளிரும் உயரமும். மற்றது, நீங்கள் செய்வதில் பெரும்பங்கு உங்கள் வீட்டில் தங்காது என்பது. லயத்திலும் (தோட்டத்து வரிசை வீடுகள்) பக்கத்து வீடுகளிலும் இந்துக்கள் இருப்பார்கள், ரோட்டோரக் கடைக்காரர் முஸ்லிமாக இருப்பார், கீழே கிராமத்தில் சிங்களக் குடும்பங்கள் இருக்கும். எல்லோருக்கும் தட்டுப் போகும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத் திட்டம் போட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான்.

முதலில் தட்டுக் கணக்கு

நவம்பர் கடைசியில் ஒரு தாளை எடுத்து, யார் யாருக்குத் தட்டுக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். தீபாவளிக்கு எந்தெந்த வீட்டிலிருந்து உங்களுக்குப் பலகாரம் வந்ததோ அந்த வீடுகள் கட்டாயம். அதோடு கோயில் கரோல் குழு, பிள்ளைகளின் டீச்சர், அவசரத்துக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டு அக்கா. புதிதாக வந்திருந்தால், அதே வரிசையில் பல வருடம் இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் கேளுங்கள். அவருக்கு எல்லா வீட்டு வழக்கமும் தெரியும்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிக்கொள்ள வேண்டும். நத்தார் எப்போதும் மார்கழி மாதத்தில்தான் வருகிறது. திருவெம்பாவைக் காலத்தில் மச்சம் சாப்பிடாத வீடுகள் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் இருக்கும் வீட்டில் முட்டையும் ஆகாது. முஸ்லிம் வீட்டுக்கு பிராந்தி சேர்த்த கேக்கை அனுப்பவே கூடாது. இதைக் கடைசி நாளில் யோசித்தால், அந்த வீட்டுக்குக் கொடுக்க வாழைப்பழம் மட்டும்தான் மிஞ்சும். இப்போதே எழுதி வைத்தால் முட்டையில்லாத முறுக்கு எவ்வளவு, பிராந்தியில்லாத கேக் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அன்போடு கொடுக்கிற தட்டு, வாங்குகிறவர் மனம் சங்கடப்படாமல் சாப்பிடக் கூடியதாக இருக்க வேண்டும். நத்தார்ச் சமையலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

செலவையும் ஒரே தடவையில் தூக்காதீர்கள். கஜு, பிளம்ஸ், சீனி, பட்டர் எல்லாம் டிசம்பர் நடுவில் விலை ஏறும் சாமான்கள். நவம்பர் சம்பளத்தில் பழங்களும் கஜுவும், டிசம்பர் சம்பளத்தில் மாவும் எண்ணெயும் முட்டையும் என்று பிரித்துக்கொள்ளலாம். சில தோட்டங்களில் பெண்கள் சேர்ந்து சீட்டுப் பிடித்து, வருடக் கடைசியில் சாமானாகவே வாங்கிப் பங்கிடுவார்கள். அப்படி ஒன்று பக்கத்தில் நடந்தால் ஜனவரியிலேயே சேர்ந்துவிடுங்கள்.

தட்டில் ஏன் இரண்டு வகை

முறுக்கும் அதிரசமும் ஒரு பக்கம், ரிச் கேக்கும், அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸும் மறுபக்கம் என்று ஒரே தட்டில் பார்த்தால் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். பிரித்தானியர் காலத்தில், 1820களிலிருந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் தமிழ்நாட்டுப் பலகாரங்களைக் கையோடு கொண்டு வந்தார்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதற்குப் பிறகு மலை முழுக்கத் தேயிலையானது, ஆட்களும் பெருகினார்கள். கொக்கிஸ் ஒல்லாந்தர் விட்டுப் போனது. ரவையும் கஜுவும் சேர்ந்த ரிச் கேக் இந்தத் தீவின் பறங்கியர் வீடுகளிலும் துரைமார் பங்களாக்களிலும் ஊறி வளர்ந்தது. பங்களாச் சமையலறையில் வேலை செய்தவர்கள் கேக் அடிக்கும் விதத்தை லயத்துக்குக் கொண்டு வந்தார்கள். அதனால் இரண்டுமே நம்முடையவைதான். ஒன்றைச் செய்து மற்றதை விட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ரிச் கேக் இல்லாத நத்தார்த் தட்டை இங்கே பார்ப்பது அரிது. ஆகவே அதிலிருந்தே தொடங்கலாம்.

பழம் ஊறப் போடுதல்

டிசம்பர் முதல் வாரத்துக்குள் பழம் ஊற வேண்டும். நவம்பர் கடைசி என்றால் இன்னும் நல்லது. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு அளவு இது: பிளம்ஸ் 250 கிராம், சுல்தானா 250 கிராம், விதை எடுத்த பேரீச்சம்பழம் 250 கிராம், புகுல் தோசி 250 கிராம், பாகில் போட்ட சௌ சௌ 250 கிராம், இஞ்சிப் பாகு 100 கிராம், செர்ரி 100 கிராம். புகுல் தோசி என்பது நீற்றுப்பூசணியைச் சீனிப் பாகில் காய்ச்சி எடுப்பது. டவுன் கடைகளில் அந்தச் சிங்களப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பிளம்ஸையும் சுல்தானாவையும் கழுவினால், துணியில் பரப்பி ஒரு பகல் முழுக்க உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மழை மாதத்தில் ஈரம் லேசில் போகாது. அடுப்புக்கு மேலே பரணில் ஒரு தட்டில் வைத்தால் சீக்கிரம் காயும். பிறகு எல்லாவற்றையும் மிகச் சிறிதாக நறுக்க வேண்டும். இது அலுப்பான வேலைதான், அதற்காகப் பெரிய துண்டாக விட்டுவிடாதீர்கள். பெரிய பழத்துண்டு இருந்தால் கேக்கை வெட்டும்போது உதிரும், தாளில் சுற்றவும் வராது. ஒரு மாலை நேரம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும்.

நறுக்கியதோடு பிராந்தி 100 மில்லிலீற்றர், தேன் இரண்டு மேசைக்கரண்டி, பன்னீர் இரண்டு மேசைக்கரண்டி, ஏலக்காய், கராம்பு, கறுவா, சாதிக்காய்த் தூள் ஒவ்வொன்றும் அரைத் தேக்கரண்டி, ஒரு தேசிக்காயின் துருவிய தோல் எல்லாம் சேர்த்துக் கிளறி, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை உலர்ந்த கரண்டியால் கிளறுங்கள். போயா (பௌர்ணமி) நாளில் பிராந்தி விற்க மாட்டார்கள் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

பிராந்தியில்லாத கேக்குக்கு வேறு வழி இருக்கிறது. நமக்குக் கைவசம் இருக்கிற தேயிலையே போதும். ஒரு கறுவாப் பட்டையும் தட்டிய இஞ்சியும் போட்டுக் கடும் சாயத்தண்ணி ஊற்றி, வடித்து, ஆறவிட்டு, அரைக் கோப்பை சாயத்தண்ணியில் தேன் கலந்து பிளம்ஸையும் சுல்தானாவையும் பேரீச்சம்பழத்தையும் ஊற வையுங்கள். இது ஓர் இரவுக்கு மட்டும்தான். பிராந்தி போல நாட்கணக்கில் காக்காது, மறுநாளே கேக் போட்டுவிட வேண்டும். ருசியில் ஒன்றும் குறையாது. பழம் பொதுபொதுவென்று ஊறி, லேசான துவர்ப்போடு நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் முழுக் கேக்கையுமே இப்படிச் செய்யலாம், முட்டை ஆகாத வீடுகள் தவிர மற்ற எல்லா வீட்டுக்கும் ஒரே கேக் போகும்.

ரிச் கேக் அடிக்கும் நாள்

டிசம்பர் 10க்கும் 15க்கும் இடையில் ஒரு நாளைப் பிடியுங்கள். பிராந்திக் கேக் வைக்க வைக்கத்தான் ருசிக்கும். சாயத்தண்ணிக் கேக்கை 20ஆம் திகதிக்குப் பிறகு போடுவதே நல்லது.

ரவை 250 கிராம், பட்டர் 250 கிராம், சீனி 300 கிராம், கஜு 250 கிராம், முட்டை 12 தேவை. முட்டையில் மஞ்சள் கரு 12உம் சேரும், வெள்ளைக் கரு ஐந்து மட்டும் போதும். மீதி வெள்ளைக் கருவை வீணாக்காமல் அன்று இரவு வெங்காயம் பச்சை மிளகாய் போட்டுப் பொரித்துவிடலாம்.

ரவையைச் சிறு நெருப்பில், நிறம் மாறாமல், வாசம் வரும் வரை வறுத்து இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் பட்டரில் பாதியை அதில் போட்டுப் பிசைந்து மூன்று நாலு மணி நேரம் வையுங்கள். ரவை பட்டரைக் குடித்து மெதுவாகும். இதைச் செய்யாமல் விட்டால் கேக் நறநறக்கும்.

குளிர் குறுக்கிடும் இடம் இதுதான். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் டிசம்பர் காலையில் பட்டர் கல்லாக இருக்கும், முட்டையும் சில்லென்று இருக்கும். இரண்டையும் அப்படியே சேர்த்து அடித்தால் திரிந்துபோகும். பட்டர் பாத்திரத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். உருகிவிடக் கூடாது, விரலால் அழுத்தினால் பதிய வேண்டும். முட்டைகளை ஓடோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். அடிக்கும் பாத்திரத்தையும் ஒரு முறை சுடுதண்ணீரால் கழுவித் துடைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

மீதிப் பட்டரையும் சீனியையும் வெளுக்கும் வரை அடித்து, மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். அப்புறம் ரவைக் கலவை, ஊறிய பழம், பொடியாக நறுக்கிய கஜு, ஒரு தேக்கரண்டி வெனிலா. இப்போது அடிக்கக் கூடாது, மரக்கரண்டியால் கிளறினால் போதும். கடைசியில் வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்து, மெல்லக் கலந்துவிடுங்கள்.

தட்டில் அடியிலும் பக்கங்களிலும் மூன்று நாலு அடுக்குப் பத்திரிகைத் தாள் வைத்து, அதற்கு மேல் பட்டர் தடவிய எண்ணெய்த் தாளை விரித்துக் கலவையை ஊற்றுங்கள். இந்தத் தாள் அடுக்கு இல்லாவிட்டால் நடு வேகுமுன் ஓரம் கருகும். 150 பாகைச் சூட்டில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் போனதும் மேலே ஒரு தாளை மூடுங்கள். நடுவில் ஈர்க்குச்சி விட்டால் மாவு ஒட்டக் கூடாது, பழத்தின் பிசுபிசுப்பு இருந்தால் பரவாயில்லை.

சூடாக வெட்டவே வேண்டாம். ஒரு நாள் முழுக்கத் தட்டிலேயே ஆறட்டும். பிராந்திக் கேக் என்றால் மேலே இரண்டு கரண்டி பிராந்தி தெளித்து, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பிஸ்கட் டின்னில் வையுங்கள். 22ஆம் திகதி போல, ஒன்றரை அங்குல நீளம், ஓர் அங்குல அகலத்தில் வெட்டினால் 90 துண்டுகள் வரை வரும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே நிறத்தாள் சுற்றி, இரண்டு முனையையும் மடிப்பது பிள்ளைகளின் வேலை. எழுதி வைத்த தட்டுக் கணக்கோடு இந்த 90ஐ ஒப்பிட்டுப் பாருங்கள், போதுமா இல்லையா என்று அப்போதே தெரியும்.

போறணை இல்லாத வீட்டுக்கு

மின்சார அவன் எல்லா வீட்டிலும் இருக்காது. அதற்காகக் கேக்கை விட வேண்டியதில்லை. டவுனில் இருக்கும் பேக்கரியில் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சிறு கூலிக்கு வேகவைத்துத் தருவது பழைய வழக்கம். பாண் எடுத்து முடித்த பிறகு போறணைச் சூடு மெல்ல இறங்கும். ரிச் கேக்குக்கு அந்த இறங்கு சூடுதான் பொருத்தம். ஒரு வாரம் முன்பே போய், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் திகதிக்குப் பிறகு அங்கே நிற்க இடம் இருக்காது. எல்லோருடைய தட்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஓரத்தில் கம்பித் துண்டு கட்டி அடையாளம் வையுங்கள். தாளில் பெயர் எழுதி ஒட்டினால் கருகிவிடும்.

வீட்டு விறகடுப்பிலேயே போடுவதானால் சிறிய தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கனமான பெரிய சட்டியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, நன்றாகச் சூடாக்கி, அதன்மேல் மூன்று சிறு கற்களை வைத்து, கேக் தட்டை ஏற்றுங்கள். தகர மூடியால் மூடி, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட வேண்டும். அடியில் நெருப்பு குறைவாகவும் மேலே தணல் கூடுதலாகவும் இருக்கட்டும். தேயிலை மிலாறு (கவ்வாத்து வெட்டிய குச்சிகள்) சீக்கிரம் பற்றி எரிந்து அடங்கிவிடும். அடுப்பை மூட்ட அது நல்லது, இரண்டு மணி நேரம் ஒரே சூட்டைப் பிடிக்கத் தடித்த காய்ந்த விறகு வேண்டும். மழைக்கு முன்பே அதை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டர் கேக்கும் உயரமும்

ரிச் கேக்கில் பேக்கிங் பவுடர் இல்லாததால் உயரம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. பட்டர் கேக் அப்படியில்லை. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர், ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் கேக் வேகமாக உப்பி, நடு வேகுமுன் அமர்ந்துவிடும். மாவு, சீனி, பட்டர் ஒவ்வொன்றும் 250 கிராம், முட்டை ஐந்து என்ற வழமையான அளவுக்குக் கீழ்நாட்டில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்டால், நுவரெலியாவில் ஒன்றரை போதும். ஈரம் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் இரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேருங்கள். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சிட்டிகை குறைத்தால் சரி. கண்டியிலும் பதுளையிலும் குறிப்பில் உள்ளபடியே செய்யலாம். பட்டர் கேக் நாலு நாளுக்கு மேல் மெதுமெதுப்பாக இருக்காது, 23ஆம் திகதி போடுங்கள்.

பால் டொபி செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியே கொதித்துவிடும், அதனால் பாகுப் பதத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் சூட்டு அளவு இங்கே பொருந்தாது. ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டினால் உருண்டை பிடிக்கிறதா என்று பார்ப்பதுதான் எந்த உயரத்திலும் சரி.

எண்ணெய்ச் சட்டி

20ஆம் திகதியிலிருந்து பொரிப்பு வேலை. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், ஆகவே இந்த மாதத்தில் போத்தலுக்குள் வெள்ளையாக இறுகிக் கிடக்கும். கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். போத்தலைச் சுடுதண்ணீர் வாளியில் வைத்தால் இளகும். பொரித்ததைச் சூடாக இருக்கும்போதே நன்றாக வடிய விட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஆறியதும் முறுக்கின்மேல் எண்ணெய் வெள்ளைப் படலமாக உறைந்து நிற்கும். ஓலைத் தட்டிலோ கம்பி வலையிலோ போட்டு, அதை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து வடிய விடுங்கள்.

முட்டையில்லாத முறுக்கை முதலில் சுடுங்கள். அரிசி மாவு 500 கிராமுக்கு வறுத்து அரைத்த உளுத்தம்மாவு 100 கிராம், எள், ஓமம், உப்பு, சூடாக்கிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பிசைய வேண்டும், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் இந்தக் குளிரில் மாவு விறைத்து உரலில் இறங்காது. முறுக்கு முடிந்த பிறகுதான் முட்டை சேரும் கொக்கிஸ். அதே எண்ணெயில் முதலில் கொக்கிஸ் சுட்டுவிட்டு, பிறகு விரத வீட்டுக்கு முறுக்குச் சுட்டுக் கொடுப்பது முறையல்ல.

கொக்கிஸுக்கு மிக மெல்லிய அரிசி மாவு 500 கிராம், முட்டை ஒன்று, ஒரு பெரிய தேங்காயின் கெட்டிப் பால், உப்பு, நிறத்துக்கு மஞ்சள் சிட்டிகை. இனிப்பு வேண்டுமானால் சீனி 100 கிராம் கரைத்து விடலாம். மாவு அச்சில் ஒட்டி மெல்ல வழியும் பதத்தில் இருக்க வேண்டும். அச்சை எண்ணெய்க்குள்ளேயே வைத்து நன்றாகச் சூடாக்கி, ஒரு தடவை உதறி, மாவில் முக்கால் ஆழம் மட்டும் தோய்த்து எண்ணெயில் இறக்குங்கள். அச்சு முழுதாக மூழ்கினால் மேல்பக்கம் மாவு மூடிக்கொள்ளும், அப்புறம் கழலாது. பொரிந்து இறுகத் தொடங்கும்போது லேசாகத் தட்டினால் தானே விடும். புது அச்சு என்றால் முதல் நாள் இரவு எண்ணெயில் ஊறப் போட்டு, முதல் நாலைந்து கொக்கிஸ் சரியாக வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பாலும் குளிரில் இறுகும், பிழிந்த உடனே மாவைக் கரைப்பது நல்லது.

அதிரசம் செய்ய விரும்பினால், பாகில் கிளறிய மாவை இரண்டு நாளாவது வைத்துத் தட்டுங்கள். குளிரில் மாவு புளிக்காது, பக்குவப்பட நேரம் எடுக்கும். முதல் வருடத்தில் அதிரசம் வேண்டாம் என்பது என் கருத்து. முறுக்கும் கொக்கிஸும் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஆறியதும் உடனே டின்னில் போட்டு இறுக மூடுங்கள். வாசலில் மூடுபனி இறங்கும்போது திறந்த தட்டில் கிடக்கும் முறுக்கு ஒரு மணி நேரத்தில் நமத்துப் போகும்.

24ஆம் திகதி

அன்று புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கத்தரிக்காய் மோஜுவை 23ஆம் திகதியே செய்திருக்க வேண்டும்: பொரித்த கத்தரிக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், வினாகிரியில் அரைத்த கடுகு, கொஞ்சம் சீனி. இரண்டு நாள் ஊறினால்தான் அதற்கு ருசி. 24ஆம் திகதி காலையில் கோழியைச் சுத்தம் செய்து, மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு பிரட்டி வையுங்கள். முஸ்லிம் நண்பர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தால் கோழியை ஹலால் கடையில் வாங்குங்கள். எல்லோருக்கும் ஒரே சட்டி போதும்.

இட்லியும் கோழிக்குழம்பும்தான் நத்தார்க் காலைச் சாப்பாடு என்று பல வீடுகளில் இருக்கும். அப்படியானால் மாவை 23ஆம் திகதி மதியமே அரைத்துவிடுங்கள். கீழ்நாட்டில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் மாவு, இங்கே ஓர் இரவு முழுக்க வைத்தாலும் அசையாமல் இருக்கும். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி, நெருப்பு அணைந்த அடுப்போரத்தில் வையுங்கள். அப்பத்துக்கும் இதே வழிதான். இன்னும் சில வீடுகளில் காலையில் பாற்சோறும் கட்டச் சம்பலும். பச்சையரிசியை முதலில் தண்ணீரில் குழைய வேகவிட்டு, பிறகுதான் தேங்காய்ப் பால் சேர்க்க வேண்டும். இந்த உயரத்தில் அரிசி வேக நேரம் எடுக்கும், ஒரு கோப்பைத் தண்ணீர் கூட வையுங்கள்.

நள்ளிரவுப் பூசை முடிந்து குளிரில் நடந்து வருபவர்களுக்குக் கனமான சாப்பாடு தேவைப்படாது. தட்டிய இஞ்சி, கராம்பு, கறுவா, சீனி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் அதில் தேசிக்காய் பிழிந்து குடித்து, ஆளுக்கு ஒரு துண்டு கேக் சாப்பிட்டால் படுக்கலாம். கேக்கை வீட்டிலேயே மூத்தவர் வெட்டட்டும்.

மதியச் சாப்பாடு

மஞ்சள் சோறு, கோழிக் கறி, மோஜு, பருப்பு, பப்படம், லீக்ஸ் வறை. இது போதும். ஒரு கிலோ சம்பா அரிசிக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேங்காயின் பால், ரம்பை, கறிவேப்பிலை, ஏலக்காய், கராம்பு, கறுவா. நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் பிரஷர் குக்கரில் வைத்தால் சோறு அரைவேக்காடாக நிற்காது. மேலே நெய்யில் வறுத்த கஜுவும் பிளம்ஸும்.

லீக்ஸும் கரட்டும் கோவாவும் நம் மண்ணிலேயே விளைவது. நத்தார் மேசையில் அதற்கு இடம் இருக்க வேண்டும். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக விரித்து ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள், மண் உள்ளேதான் இருக்கும். மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் மாசித் தூளும் போட்டு வதக்கினால் நாலு நிமிட வேலை. மரக்கறிக்காரர் வருவதாக இருந்தால் மாசி போடுமுன் அவருக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

தட்டு அனுப்பும்போது

காலைப் பூசை முடிந்ததும், மதியச் சமையலில் இறங்குமுன் தட்டுக்களை அனுப்புங்கள். ஒரு தட்டுக்கு ரிச் கேக் இரண்டு மூன்று, பட்டர் கேக் நாலு, முறுக்கு, கொக்கிஸ், பால் டொபி, இரண்டு கதலி வாழைப்பழம். விரத வீட்டுத் தட்டில் முறுக்கும் பால் டொபியும் பழமும் மட்டும். அதைத் தனித் தட்டில், தனித் துணியால் மூடி, முதலிலேயே கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கொண்டுபோனால், எந்தத் தட்டு எந்த வீட்டுக்கு என்பதை அவர்கள் வாயால் ஒரு தடவை சொல்லச் சொல்லிவிட்டு அனுப்புங்கள். வாசலில் நின்று கொடுத்துவிட்டு ஓடி வராமல், "அம்மா கொடுக்கச் சொன்னாங்க, கிறிஸ்மஸ் வாழ்த்துகள் மாமி" என்று சொல்லிக் கையில் கொடுக்கப் பழக்குங்கள்.

அந்த வருடம் சாவு விழுந்த வீட்டைத் தாண்டிப் போகக் கூடாது. அவர்கள் பண்டிகை கொண்டாடமாட்டார்கள், அதற்காகத் தட்டை நிறுத்த வேண்டியதில்லை. நிறத்தாள் சுற்றாத கேக்கும் பழமும் எடுத்துக்கொண்டு பெரியவர்கள் யாராவது நேரில் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது நல்லது.

தட்டுக்கள் வெறுமையாகத் திரும்பி வராது. கொஞ்சம் சீனியோ, ஒரு பழமோ, ஒரு பிடி அரிசியோ அதில் இருக்கும். வேண்டாம் என்று மறுக்காதீர்கள். தைப்பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து பொங்கல் வரும்போது நீங்களும் அப்படியே செய்ய வேண்டும்.

மிஞ்சிய பிராந்திக் கேக்கை எண்ணெய்த் தாளில் சுற்றி டின்னில் வைத்தால் ஜனவரி 6, மூவரசர் திருநாள் வரைக்கும் தாராளமாக இருக்கும். சாயத்தண்ணிக் கேக்கைப் புது வருடத்துக்கு முன் முடித்துவிடுங்கள். கொக்கிஸ் அச்சை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். சூட்டோடு தாளால் துடைத்து, எண்ணெய் தடவி, பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்தால் சித்திரைப் புத்தாண்டுக்கு எடுக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்கும்.